செய்முறை வகுப்பு

சென்னையிலிருந்து வந்த படத்துக்குச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தபோதே நைனா முகமதுவுக்கு அதன் மேல் வெறுப்பு வந்துவிட்டது. ரயில் பார்சலில் சுருட்டி வந்த படம். விரித்ததும் வார்னிஷ் வாடை குப்பென்று அடித்தது. மேலே 'ஆரோக்கியத்திற்கேற்ற ஆகாரம்' என்று கொட்டை எழுத்து. கீழே ஏதோ கலெக்டர் பங்களாவின் சாப்பாட்டு மேஜையை அப்படியே தூக்கிவந்து கவிழ்த்ததுபோல ஆப்பிள் பழம், கண்ணாடித் தம்ளர் நிறையப் பால், பீங்கான் கிண்ணியில் நிமிர்ந்து நிற்கும் ஒற்றை முட்டை, தோலுரித்த ஆட்டுத் தொடை, ஒரு மஞ்சள் கட்டி. படம் வரைந்தவன் நன்றாகச் சாப்பிடுகிறவன் என்பது மட்டும் தெரிந்தது.

"சார், அந்த மஞ்சக் கட்டி என்னா சார், சோப்பா?" என்று முன் பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்.

"சோப்பு இல்லடா. சீமைத் தயிரு. கட்டியாக்கி, நாற விட்டு, அப்புறம் திம்பாய்ங்க."

வகுப்பு சிரித்தது. நைனா முகமது சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டார். யாரையாவது ஏதாவது சொல்லிவிட்டால் அவர் அப்படித்தான் செய்வார். அந்தக் கமிட்டி ஹைஸ்கூலில் அவருடைய பாடத்தைவிட அவருடைய நாக்குதான் பிரசித்தம். சக வாத்தியார்கள் அவருக்கு எதிரே காபிகூடப் பயந்து பயந்துதான் குடிப்பார்கள்.

பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து ரங்கூன் அரிசி வருவது நின்றிருந்தது. ரேஷன் கடையில் போட்ட அரிசியில் பாதி கல்லும் பாதி உமியுமாக இருந்தது. மேற்கே திருமங்கலம் பக்கம் மழையும் ஏமாற்றிவிட்டது. தானியம் கையில் இருந்தவன் பதுக்கினான், இல்லாதவன் வரிசையில் நின்றான். இந்த நேரம் பார்த்துத்தான் சர்க்காருக்கு ஒரு கவலை வந்தது. ஹைஸ்கூல் பையன்களுக்குப் போஷாக்கு என்றால் என்னவென்று தெரியவில்லையாம். சோறு போடுவது சர்க்கார் வேலையில்லை, சோற்றைப் பற்றிச் சொல்வது வேலைதான் என்று முடிவுசெய்து, வாரா வாரம் ஒரு பீரியட் ஒதுக்கும்படி உத்தரவு போட்டது. எட்மாஸ்டர் அந்த உத்தரவைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கி, சயன்ஸ் வாத்தியார் நைனா முகமதுவின் தலையில் கட்டினார். அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடாகப் பார்த்து.

சாப்பாட்டு மணி அடித்ததும் பள்ளிக்கூடம் இரண்டாகப் பிரியும். உள்ளூர்ப் பையன்கள் வீட்டுக்கு ஓடுவார்கள், அல்லது தூக்குச் சட்டியைத் திறப்பார்கள். காலை ரயிலில் திருமங்கலத்திலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் வருகிறவர்கள், வீட்டில் அடுப்புப் பற்றவைக்கும் முன்பே கிளம்பி வருகிறவர்கள், குழாயடிக்குப் போவார்கள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் சாய்ந்துகொள்வார்கள். வாத்தியார்கள் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் வேப்பமரம் நன்றாகத் தெரியும். காஜிமார் தெரு வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டுக் கேரியரைப் பிரித்து அந்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான் நைனா முகமது தினமும் சாப்பிட்டார். மச்சினனுக்கு அரிசி வியாபாரம். அவர் வீட்டில் பஞ்சம் எட்டிப்பார்க்கவில்லை. மரத்தடியில் படுத்திருந்தவர்களை அவர் சோம்பேறிகள் என்றே நினைத்து வந்தார்.

ஆறாம் பாரத்தில் அன்று வைட்டமின்களைப் பற்றி எழுதிப்போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் வகுப்பில் பாதி தலை கவிழ்ந்திருந்தது. கடைசிப் பெஞ்சில் ஒருவன் வாயைத் திறந்தே தூங்கினான். சாக்பீஸ் துண்டு பறந்துபோய் அவன் நெற்றியில் பட்டது.

"எந்திரிடா காசிமாயா. மத்தியானம் அப்படி என்னத்தைத் தின்ன, இம்புட்டுத் தூக்கம் வருது?"

பையன் எழுந்தான். மீசை அரும்பிய, நெடுநெடுவென்று வளர்ந்து சதைபிடிக்காத உடம்பு. அவன் வாத்தியாரைப் பார்க்கவில்லை, அவர் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தான்.

"பாலு சார்."

"ம்."

"முட்டை சார். ஆப்பிள் பழம் சார். ஆட்டுத் தொடை சார்." சற்று நிறுத்தினான். "அப்புறம் அந்த மஞ்சக் கட்டியும் சார்."

ஒருவனும் சிரிக்கவில்லை. விழித்துக்கொண்ட தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. காசிமாயன் இப்போது பார்வையைக் கீழே இறக்கி நேராக அவரைப் பார்த்தான். கோபமில்லை அதில், பயமுமில்லை. எட்மாஸ்டரை, கமிட்டிக்காரர்களை, ஊரில் பாதிப் பேரை நைனா முகமது எந்தக் கண்ணால் பார்ப்பாரோ அந்தக் கண். தன் சொந்தச் சரக்கு எதிரிலிருந்து தன் மேலேயே வருவதை அவர் இதற்குமுன் கண்டதில்லை. "உட்காரு" என்றார். அதற்குமேல் வைட்டமின் ஓடவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி சாதிகாவிடம் சொன்னார். பையனின் திமிரைப் பற்றிச் சொல்வதாகத்தான் ஆரம்பித்தார்.

"பொய் சொன்னானா, உங்களைத் திட்டுனானா?" என்று சாதிகா கேட்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "திட்டுனான்."

"அப்பப் பய பட்டினிதான். வெளங்கிருச்சுல்ல. ஆறிப்போகுது, சாப்பிடுங்க."

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நைனா முகமது எழுந்து, வெளியூர்ப் பையன்களுக்கு மத்தியானம் கஞ்சி ஊற்ற வேண்டும் என்று கேட்டார். கமிட்டிச் செக்ரட்டரி அழகுசுந்தரத்துக்குக் கீழமாசி வீதியில் தானிய மண்டி. யுத்தம் வந்ததில் ஊரே மெலிந்தபோது சதைபோட்ட சிலரில் அவர் ஒருவர். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"பாய், இது பள்ளிக்கூடம். நாம கஞ்சித் தொட்டி வச்சோம்னா நாளைக்கு ஊர்ல இருக்கிற கிழடுகட்டையெல்லாம் நாலாம் பாரத்துல வந்து சேந்துரும்."

"சேரட்டுமே செக்ரட்டரி சார். பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுனாச் சேத்துக்குவோம். படிச்சிட்டாச்சும் சாவாய்ங்க."

கமிட்டி அதை ரசிக்கவில்லை. எட்மாஸ்டர்தான் அவசர அவசரமாக உத்தரவைப் புரட்டினார். சர்க்கார் காகிதத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "இதுல 'வசதிக்கேற்பச் செய்முறை விளக்கமும் தரலாம்'னு இருக்கு. கஞ்சின்னு சொன்னா அது தர்மம். செய்முறைன்னு சொன்னா அது பாடம். பாடத்துக்கு ஆட்சேபணை கிடையாது" என்றார். இப்படி ஒரு மனிதரால் பசியைக்கூடப் பாடத்திட்டத்தில் சேர்க்க முடிகிறதே என்று நைனா முகமதுவுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டார். வாழ்க்கையில் அவர் லாபத்துக்காக வாயை மூடியது அதுவே முதல் தடவை.

செக்ரட்டரி மண்டியிலிருந்து கம்பு மூட்டைகளை அனுப்பினார். 'தயாள குணம் படைத்த செக்ரட்டரி அவர்களின் நன்கொடை' என்று நோட்டீஸ் பலகையில் எழுதிப்போட ஆளையும் கூடவே அனுப்பியிருந்தார். மூட்டையைப் பிரித்தால் கம்பைவிட வண்டு அதிகம். "புழுவிலயும் சத்து இருக்குன்னு சயன்ஸ் சொல்லுது. செக்ரட்டரி படிச்சிருக்கார்" என்றார் நைனா முகமது. வாத்தியார்கள் அறையில் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

சோதனைச்சாலைக்குப் பின்னால் செங்கல் கூட்டி அடுப்பானது. பள்ளிக்கூடம் கூட்டிப் பெருக்கும் முருகம்மாள் கம்பைப் புடைத்து, இடித்து, காய்ச்சினாள். காம்பவுண்டு ஓரத்து முருங்கையிலிருந்து கீரை பறித்துப் போட்டாள். மணி அடித்ததும் பையன்கள் உடனே வந்துவிடவில்லை. மூலையில் நின்று ஒருவரையொருவர் தள்ளினார்கள். பிறகு ஒருவனுக்கு யோசனை வந்தது. செய்முறை வகுப்பு என்றுதானே பெயர், நோட்டும் பென்சிலுமாகப் போகலாமே. எல்லோரும் நோட்டை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கையில் நோட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தகரக் குவளையை நீட்டினார்கள். காசிமாயன் வரிசையின் கடைசியில் வந்தான். குவளையை வாங்கியதும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று குடித்தான்.

மத்தியான வகுப்பில் தலைகள் நிமிர்ந்தன. கேள்வி கேட்டால் பதில் வந்தது. காசிமாயன் இரண்டாம் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தான். நைனா முகமதுவின் நாக்கு அந்த நாட்களில் ஒரு சுற்றுப் பெருத்தது. சோறு போடாமல் பாடம் நடத்துகிறவனைப் பற்றி, படம் அனுப்பிவிட்டுத் தூங்குகிற சர்க்காரைப் பற்றி, வண்டுக் கம்பில் புண்ணியம் சம்பாதிக்கிற வியாபாரியைப் பற்றி, கேட்பவர் முகம் சுளிக்கச் சுளிக்கப் பேசினார். பேசிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்து கேரியரைத் திறந்தார். அன்று ஆட்டெலும்பு போட்ட தால்ச்சா வந்திருந்தது.

முதலில் வாடிப்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். மகனின் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், "கஞ்சி ஊத்துறீங்களாமே, யாரு சமைக்கிறது?" என்று கேட்டார். மறுநாள் செல்லூரிலிருந்து இருவர். அவர்களும் அதையே கேட்டார்கள். முருகம்மாள் எந்தத் தெரு என்று எட்மாஸ்டரிடம் விசாரித்துக்கொண்டு, அவள் காதில் விழும்படியாகவே காறித் துப்பிவிட்டுப் போனார்கள். தன் சொந்தத் தெருக்காரர்களாவது மேல் என்று நைனா முகமது நினைத்த அன்று சாயங்காலமே, பள்ளிவாசல் வாசலில் சேக் மைதீன் அவரைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பானையில முன்ன என்னத்த ஆக்குனாய்ங்கன்னு யாருக்குத் தெரியும்? எம்மவன் வயித்தைக் கழுவவா முடியும்?" அவருடைய மகன் வீட்டுக்குப் போகாமல் தினமும் இரண்டு குவளை குடித்துக்கொண்டிருந்தான். நைனா முகமது அதைச் சொல்லவில்லை.

செக்ரட்டரிக்குச் சந்தோஷம். "நானா வேணாங்கிறேன் பாய்? ஊரு வேணாங்குது. நான் குடுத்த கம்பு குடுத்ததுதான்" என்றார்.

வரிசை குறைந்தது. ஒரு நாள் பாதிப் பானை மிஞ்சியது, மறுநாள் முக்கால். மணி அடித்தால் பையன்கள் பழையபடி குழாயடிக்குப் போனார்கள். நைனா முகமது வேப்பமரத்தடிக்கே போய் நின்று கத்தினார்.

"கம்புல வண்டு கெடந்துச்சு, ஒருத்தனாச்சும் கேட்டிங்களாடா? யாரு கிண்டுனதுன்னு மட்டும் கேக்குறீங்க. இதுக்கு எதுக்குடா ஹைஸ்கூலு? போங்க, போயித் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக் கெடங்க. உங்களுக்கெல்லாம் வைட்டமின் ஒரு கேடு!"

பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தன் மட்டும் குழாயடிக்குப் போகாமல் அடுப்படிக்கு வந்துகொண்டிருந்தான், காசிமாயன். இப்போது அவன் கையில் நோட்டு இல்லை.

அவனுடைய பெரியப்பா விருமாண்டி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்குக் கிளம்பி, தொப்பியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சோதனைச்சாலையைச் சுற்றி வந்த நைனா முகமது, அடுப்புக்கு எதிரே ஓர் ஆள் நிற்பதைப் பார்த்தார். அகன்ற தோள், முழங்காலுக்கு மேலே ஏறிய வேட்டி, காதில் கடுக்கன். பக்கத்தில் காசிமாயன், கையில் குடிக்காத குவளையோடு. முருகம்மாள் அடுப்பு ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பானைக்குள் யாரையோ தேடுவதுபோல அகப்பையால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் சாயபு வாத்தியாரா?" என்றார் விருமாண்டி. "கும்பிடுறேன். பயலக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"எதுக்கு?"

"எங்க பாட்டன் காலத்துல, தாது வருசப் பஞ்சத்துல எங்க ஊரே கெழங்கத் தோண்டித் தின்னுச்சாம். அப்பவும் எங்க வீட்டு ஆளு ஒருத்தன் கஞ்சித் தொட்டிக்குப் போயி நிக்கல. இவன் இங்க வந்து நிக்கிறான். அதுவும் யாரு கையில வாங்கி."

நைனா முகமதுவுக்குத் தன் நாக்கு இருக்கிற தைரியம். "கஞ்சித் தொட்டி இல்ல இது. வகுப்பு. இதுல எம்புட்டுச் சத்து இருக்கு தெரியுமா உமக்கு? கம்புல இருக்கிற இரும்புச் சத்து அரிசியில கெடையாது. முருங்கைக் கீரையில கண்ணுக்கு வேண்டியது அம்புட்டும் இருக்கு. உம்ம வீம்புல என்னய்யா சத்து இருக்கு? அதக் கரைச்சு ஊத்துனாப் பய பரீட்சை எழுதிருவானா?"

விருமாண்டி பொறுமையாகக் கேட்டார். வரப்புத் தகராறில் எதிராளி பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பவர்போல நின்றார்.

"அம்புட்டுச் சத்துங்கிறீக. சரி. நீங்க குடிச்சீகளா?"

"எனக்கு வீட்டுல இருந்து..." என்று ஆரம்பித்து நைனா முகமது நிறுத்தினார்.

"ஒரு நாளாச்சும்?"

அடுப்பில் ஒரு சுள்ளி முறிந்தது. முருகம்மாள் கிண்டுவதை நிறுத்தியிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதிலேயே அவளுக்கும் அதற்கான பதில் தெரியும் என்பது தெரிந்தது. காசிமாயன் பார்த்தான். வாத்தியாரைக் காப்பாற்ற நினைப்பவன்போலக் குவளையை லேசாக அவர் பக்கம் நீட்டினான். அந்தச் சிறிய அசைவுதான் நைனா முகமதுவை எரித்தது. ஊர் முழுவதையும் எடைபோட்டு ஒதுக்கிய தராசில் தன்னை மட்டும் ஏற்றாமலே இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது காது மடல் சுட்டது. கஞ்சி ஏழைப் பையன்களுக்கு, கேரியர் தனக்கு. இது அவருக்கு இவ்வளவு இயல்பாக இருந்திருக்கிறது.

குவளையை வாங்கிக் குடித்தார்.

ஒரு வாய் உள்ளே போனதும் முகம் கோணியது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

"நல்லாருக்கா?" என்றார் விருமாண்டி.

"நல்லால்ல."

"என்னா கொறை?"

"உப்பே இல்ல." முருகம்மாள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உப்புப் போடலியா இன்னிக்கு?"

"என்னைக்குப் போட்டேன்?" என்றாள் முருகம்மாள். இப்போதும் அவள் பானையைத்தான் பார்த்தாள். "மொத நாளே கேட்டேனே சார், உப்பு வாங்கித் தாங்கன்னு. பாப்போம்னு சொல்லிட்டுப் போனீக. அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பாத்தாத்தான?"

"பயக இம்புட்டு நாளும் எப்படிக் குடிச்சாய்ங்க?"

"பசியில குடிச்சாய்ங்க."

விருமாண்டி சிரித்தார். இளக்காரமாகத்தான் சிரித்தார், ஆனால் அதில் முன்னிருந்த கடுப்பு இல்லை. "உப்பில்லாத கஞ்சிக்கா ஊரு பூராம் இந்தச் சண்டை போடுறீக" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். நைனா முகமது மிச்சக் கஞ்சியையும் குடித்தார். மாவுக் கட்டி தொண்டையில் நின்றது, பல்லிடுக்கில் வண்டோ உமியோ ஏதோ நெரிந்தது. அந்தக் கமிட்டிக் கூட்டத்தில் அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூட இப்போது நினைவுக்கு வரவில்லை.

"பய படிக்கட்டும் வாத்தியாரய்யா. அதத் தடுக்கல. ஆனா இங்க வாய வைக்கக் கூடாது. வச்சான்னு கேள்விப்பட்டேன், படிப்பும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. ஏர் பிடிக்கட்டும்." விருமாண்டி காசிமாயனின் பின்தலையில் கை வைத்து, தள்ளுவதா தடவுவதா என்று தெரியாதபடி ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போனார். பையன் குழாயடிப் பக்கம் நடந்தான்.

அன்று நைனா முகமது தொழுகைக்குப் பிந்திப் போனார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் யாரையும் எதுவும் சொல்லவில்லை. சாதிகா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். திங்கட்கிழமை காலையில், "கேரியர் அனுப்ப வேணாம்" என்றார்.

"பள்ளிக்கூடத்துல விருந்தா?"

"ஆமா."

தெற்கு மாசி வீதியில் கல்லுப்பு வாங்கிப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டே முதல் வகுப்புக்குப் போனார். மணி அடித்ததும் நேரே அடுப்படிக்குப் போய், செங்கல் ஒன்றை இழுத்துப் போட்டு வெட்டவெளியில் உட்கார்ந்தார். முருகம்மாள் ஊற்றிக் கொடுத்தாள்.

"நீயும் ஒண்ணு ஊத்திக்கிட்டு உக்காரும்மா."

"நீங்க குடிங்க மொதல்ல" என்றாள் அவள். வெள்ளிக்கிழமை அவர் குடித்தது அவளிடம் ஒன்றையும் மாற்றிவிடவில்லை. ஒரு நாளைக்குக் கூத்துக் காட்டிவிட்டுப் போகிறவர்களை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். அவர் குடித்து முடித்து மறுபடி குவளையை நீட்டிய பிறகுதான் தனக்கும் ஊற்றிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி, அவருக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தாள்.

வாத்தியார்கள் அறை ஜன்னலில் முகங்கள் தெரிந்தன. எட்மாஸ்டர்கூட எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார். அவர்களைப் பற்றிச் சொல்ல நைனா முகமதுவின் நாக்கில் ஏதோ ஊறியது, அதைக் கஞ்சியோடு விழுங்கினார். கஞ்சி இன்றைக்கும் அப்படியொன்றும் ருசியில்லை.

எதிரே, மைதானத்துக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில் பையன்கள் சாயாமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாக் கண்ணும் இங்கேதான். சற்று நேரம் கழித்துக் காசிமாயன் எழுந்தான். நிழலின் விளிம்பு வரை வந்தான். பிறகு வெயிலில் இறங்கி நடந்தான். பாதி மைதானம் வந்ததும் நின்றுவிட்டான்.

நைனா முகமது கூப்பிடவில்லை. முருகம்மாளும் கூப்பிடவில்லை. உச்சி வெயிலில் மணல் அனலாய்ச் சுட்டுக்கொண்டிருந்தது. செருப்பில்லாத காலில் ஒன்றைத் தூக்கி மற்றதன் மேல் வைத்து, சூடு தாங்காமல் அதை இறக்கி அடுத்ததைத் தூக்கி, மரத்தையும் பார்க்காமல் அடுப்பையும் பார்க்காமல், காசிமாயன் அங்கேயே மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தான்.